நோகாதென்று முதலில் தன் காதில் குத்தியவள்

நான்காம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அன்று சாகக் கிடந்தவள் ஒருத்திதான். ஜெசிந்தா மச்சாள், என் மாமாவின் மகள். வயது இருபத்தாறு. நான் கொப்பியை மூடினேன்.

ஊர்ப் பெண்பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். திருவிழாவுக்கு முன் காது குத்த அவளிடம்தான் போவோம். ஊசியைத் தேங்காயெண்ணெயில் துடைத்து, அழுகிற பிள்ளைக்கு முன்னால் முதலில் தன் காதில் குத்திக் காட்டுவாள். "பாரடி, எனக்கு நோகேல்லை. உன்ரை மட்டும் என்ன தங்கக் காதோ?" சிரித்து முடிப்பதற்குள் எங்கள் காதிலும் அதே ஊசி இறங்கிவிடும். போன திருவிழாவுக்கு எனக்கு இரண்டாவது துளை குத்தினாள்.

அதன் பிறகுதான் செங்கமாரி வந்து அவள் கண் மஞ்சளானது. இரத்தம் சோதித்து ஹெப்பரைற்றிஸ் பி என்றார்கள். அந்தக் கிருமி பல வருடம் ஈரலில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறதாம். "ஒரு கோப்பையிலை சாப்பிட்டால் தொத்தாது பிள்ளை, இரத்தத்தாலை தொத்தும். நாங்கள் விழுங்கத் தாற குளிசையை மட்டும் விடாதேங்கோ" என்றார் தாதி.

மாமி அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தார். ஊசியை யாரும் நினைக்கவில்லை. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கண் வெளுத்தது. "செங்கமாரி இறங்கிட்டுது, இனி என்னத்துக்குக் குளிசை?" என்றார் மாமி. மச்சாளும் நிறுத்தினாள். சில மாதங்களில் வயிறு வீங்கியது. திரும்பக் குளிசை தொடங்கியும் பலனில்லை.

கடைசியாகப் போனபோது என் காதைத் தொட வந்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஊசி ஞாபகமிருக்கே குட்டி? இரத்தம் சோதிச்சுப் பார். நான் தெரியாமல் செய்திட்டன்."

இரத்தம் சோதிக்கட்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "வாயை மூடு. ஊரறிஞ்சால் உன்னை ஆர் கட்டுவான்? அவளுக்குச் செங்கமாரி, அவ்வளவுதான்." செத்த வீட்டிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அம்மா படுத்த பிறகு இதை எழுதுகிறேன். குழந்தையில் போட்ட தடுப்பூசி என்னைக் காத்திருக்கலாம். தெரியாது. மூத்த அக்காமாருக்கு அதுவும் கிடைத்திருக்காது. அவளிடம் காது குத்தியவர்கள் எல்லாரும் இரத்தம் சோதியுங்கள். நேரத்தோடு தெரிந்தால் குளிசையால் அடக்கி வைக்கலாமாம். உங்களுக்குச் சொல்லுகிற எனக்கே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவில்லை. இந்தத் தாளை யாரிடம் கொடுப்பதென்றும் தெரியவில்லை.

அவளுடையதென்று என்னிடம் இருப்பது காதில் ஒரு துளை. அதிலிருக்கும் தோட்டைக் கழற்றச் சொல்லி அம்மா ஏசினார். நான் கழற்றவில்லை. மச்சாள் பொய் சொல்லவில்லை. குத்தும்போது நோகவேயில்லை.