கந்தம்மாள் வாங்கிய மலையேற்ற ஷூ

பழனி அடிவாரத்தில் கந்தம்மாள் வைத்திருப்பது பூசைச் சாமான் கடை. ஆனால் அவள் கண்ணெல்லாம் கடைக்கு முன்னால் கழற்றிப் போடும் செருப்புகள் மேல்தான். தேங்காய் பழத் தட்டு வாங்குகிறவர்கள் செருப்பை அவளிடம் விட்டுவிட்டு மலையேறலாம். சாக்கில் போட்டுக் கட்டி டோக்கன் கொடுப்பாள். இருபது தைப்பூசம் பார்த்த கை. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், “இந்தாளு டிரைவரு” என்பாள். முன்பக்கம் தேய்ந்திருந்தால், “வட்டிக்கு விட்டவரு, வெரசா நடப்பாரு” என்பாள். சரியா தப்பா என்று யாரும் போய்க் கேட்டதில்லை. அதனால் எல்லாம் சரி என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

போன மாங்காய்க் காலத்தில் அவள் புருஷன் நாச்சிமுத்து பாலசமுத்திரத்துத் தோப்பில் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மாதக்கணக்கில் படுக்கை. ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்து, “இந்த மனுசன் எந்திரிச்சு நடந்துட்டா நானும் உங்கிட்ட நடந்தே வர்றேன் முருகா” என்றாள். மனசுக்குள் சொல்லியிருக்கலாம். பக்கத்துப் பூக்கடை ஷர்மிளாவுக்குக் கேட்டுவிட்டது.

நாச்சிமுத்து எழுந்தார். நடந்தார். லேசான விந்தல் இருந்தாலும் டீக்கடை வரைக்கும் போய்வர ஆரம்பித்துவிட்டார். ஷர்மிளா விடுவாளா?

“எப்பக்கா நடக்கப் போறீங்க? எங்கேர்ந்து?”

அங்கேதான் சிக்கல். ஊர் உலகமெல்லாம் பழனிக்கு நடந்து வருகிறது. பழனிக்காரி எங்கிருந்து நடந்து வருவது?

“பஸ்ஸு வராத அன்னைக்கெல்லாம் பாலசமுத்திரத்துலேர்ந்து நடந்துதானே கடைக்குப் போறே. அதையெல்லாம் சேத்துக்கிறச் சொல்லு” என்றார் நாச்சிமுத்து.

“அது சோலிக்கு நடந்தது. சாமிக்கு நடந்ததாகுமா?”

யோசித்து ஒரு வழி கண்டாள். பிறந்த ஊர் அய்யம்பாளையம். அண்ணன் குழந்தைவேல் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து பழனிக்கு நடக்கிறவர். அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஆக, பழனிக்கு நடப்பதற்காகப் பழனியிலிருந்து பஸ் ஏறிப் போவது என்று முடிவாயிற்று. ஷர்மிளா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கட்டிக்கொண்டிருந்த பூச்சரம் முடிச்சு விட்டுப்போனது.

அடுத்தது காலுக்கு என்ன போடுவது என்ற கேள்வி. குழந்தைவேல் போனிலேயே சொல்லிவிட்டார்: “நம்ம கூட்டத்துல வெறுங்காலுதான் பாப்பா.”

“எம்பாதத்த வந்து பாருண்ணே. கோடையில காஞ்ச வயலு மாதிரி வெடிச்சுக் கெடக்கு. தாரு ரோட்டுல வச்சா ரெண்டா பொளந்துக்கும். நான் நடந்து வர்றேன்னுதான் சொன்னேன். வெறுங்காலோடன்னு சொல்லல.”

“அப்ப ரப்பர் செருப்புப் போட்டுக்க.”

ரப்பர் செருப்பா? கந்தம்மாளிடமா? இருபது வருஷமாகப் பாதயாத்திரைக்காரர்களின் காலணிகளைச் சாக்கில் கட்டியவள் அவள். ரப்பர் செருப்பெல்லாம் எந்தக் கதியில் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும். குதிகால் தேய்ந்து தரை தெரியும். வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கும். சிலதைக் குச்சியால் தூக்கித்தான் சாக்கில் போடுவாள். ஆனால் அதே கூட்டத்தில் சிலபேர் கழற்றிக் கொடுக்கிற கனத்த அடி வைத்த ஷூ இருக்கிறதே, அது அத்தனை தூரம் வந்தும் நேற்றுக் கடையிலிருந்து எடுத்த மாதிரி பளபளவென்று இருக்கும். அடியில் வரி வரியாகப் போட்ட பள்ளம்கூட மழுங்கியிருக்காது. அவ்வளவு தூரம் நடந்தும் தேயாதது எதுவோ அதுதானே நல்ல பொருள்?

கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் ராபின், வாரக்கடைசியில் ஆட்களைப் பழனிக்குக் கூட்டிவரும்போது அவள் கடை முன்னால்தான் நிறுத்துவான். அவனிடம் சொன்னாள்.

“அக்கா, டிரெக்கிங் ஷூ. கோக்கர்ஸ் வாக் கிட்ட நம்ம ஃப்ரெண்டு கடை இருக்கு. வாட்டர்ப்ரூஃப். கணுக்காலுக்குச் சப்போர்ட் உண்டு. டால்ஃபின் நோஸ் இறங்கி ஏறலாம், ஒண்ணும் ஆகாது.”

“அங்க யாரு எறங்கப் போறா? செம்பட்டி தாண்டுனா போதும் தம்பி.”

ராபின் செய்தித்தாளை விரித்து அவள் பாதத்தைப் பேனாவால் வரைந்து எடுத்துப் போனான். அடுத்த வாரம் பெட்டி வந்தது. விலையைச் சொன்னால் நாச்சிமுத்து மறுபடி படுத்துவிடுவார் என்று சொல்லவில்லை.

மகள் ஸ்வேதா பெட்டியைத் திறந்து பார்த்தாள். “போட்டுப் பாரும்மா. வீட்டுக்குள்ளயே ரெண்டு நாள் நடந்து பழகு.”

“சாமிக்குன்னு வாங்குனதை அதுக்கு முன்னாடியே போட்டு மிதிக்கவா? மாலை போட்டுக் கெளம்புற அன்னைக்குத்தான் காலுல ஏத்துவேன்.”

பெட்டி மூடிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துச் சாமி அலமாரிப் பக்கம் கொண்டுபோனாள். ஸ்வேதா மறித்தாள்.

“செருப்பையா சாமிகிட்ட வைக்கப் போறே?”

“இது செருப்பு இல்லடி, சூ.”

கடைசியில் பெட்டி பரணுக்குப் போயிற்று. குங்குமத்தோடு.

அய்யம்பாளையத்திலிருந்து வெள்ளனே கிளம்பினார்கள். பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, காலில் கணுக்கால் மூடிய மலையேற்ற ஷூ. குழந்தைவேல் மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ பாப்பா, போலீசுல எப்ப சேந்தே?”

கூட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கந்தம்மாள் கண்டுகொள்ளவில்லை. முதல் மைல் அவள்தான் எல்லாருக்கும் முன்னால் போனாள்.

கூட்டத்தின் மூட்டை முடிச்சுகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நாச்சிமுத்து பின்னாலேயே வந்தார். நெடுந்தூரம் நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நடக்க, நடந்துவிட்ட புருஷன் வண்டியில் வந்தார். பார்க்கிறவர்களுக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு மோர்ப்பந்தலில் ஒருவர் நாச்சிமுத்துவிடம் கேட்டேவிட்டார்: “அந்தம்மா எதுக்குங்க நடக்குது?”

“நான் நடக்கணும்னுங்க” என்றார் நாச்சிமுத்து, வண்டியை விட்டு இறங்காமலேயே.

செம்பட்டியில் குதிகாலில் சுருக்கென்றது. சுண்டுவிரல் என்னையும் கவனி என்றது. கன்னிவாடி வரும்போது கந்தம்மாள் கூட்டத்தின் கடைசி ஆளாகியிருந்தாள். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், ஒன்று உடைந்தேவிட்டது. ஷூவோ காலையில் இருந்ததைவிடப் புதுசாகத் தெரிந்தது. சாமியை நினைத்துக்கொண்டு லேஸ் இரண்டையும் முடிந்து தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ரோட்டை நிமிர்ந்து பார்த்தாள். மதுரைப் பக்கத்துக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இளவட்டங்களின் முதுகுப் பைகளில் ஷூக்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கி ஆடின. கால்களில் ரப்பர் செருப்பு. அடுத்த கூட்டம் வந்தது. அதிலும் ஷூவெல்லாம் தோளில், பையில், ஒருத்தனுக்குத் தடியின் நுனியில். காலில் இருந்த ஒரு ஷூவைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

கந்தம்மாள் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குழந்தைவேல் ஓடிவந்தார்.

“என்ன பாப்பா, ரொம்ப வலிக்குதா?”

“இல்லண்ணே. பளபளன்னு வந்த சூவெல்லாம் நடந்து வரலண்ணே. தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க. அடிவாரத்துல வந்து மாட்டிக்கிட்டு எங்கடைக்கு வந்திருக்கானுக. நடந்து வந்ததைத்தான் நான் குச்சியால தள்ளியிருக்கேன்.”

குழந்தைவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. மொபெட் வந்து நின்றது. நாச்சிமுத்து காலைப் பார்த்தார், தோளில் தொங்கியதைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வைத்துக்கொண்டார். தன் ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டார். குதிகால் தேய்ந்து, இடது வாரில் ஊக்கு மாட்டிய செருப்பு.

“போட்டுக்க. நான் வண்டியிலதானே வர்றேன்.”

காலுக்குப் பெரிது. நடந்தால் செருப்பு ஒரு அடி பின்னால் வந்தது. ஷூவின் லேஸை உருவி, செருப்போடு பாதத்தைக் குறுக்கே கட்டினாள். அந்த ஷூவில் உருப்படியான பொருள் அந்த லேஸ்தான். லேஸ் போன ஷூ மொபெட்டின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தது.

அன்றும் மறுநாளும் நடந்தாள். ஒட்டன்சத்திரத்தில் யாரோ புண்ணியவான்கள் வெந்நீரில் காலைக் கழுவி மருந்து போட்டார்கள். மூன்றாம் நாள் விருப்பாச்சி தாண்டியபின் வெயில் ஏறியது. சத்திரப்பட்டிக்கு முன்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. கூட்டம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. ரோட்டில் அவளும் மொபெட்டும் மட்டும்.

“ஏறு” என்றார் நாச்சிமுத்து. “அந்த வளைவு வரைக்கும் மட்டும். யாரு பாக்கப் போறா?”

“அவரு பாப்பாரு.”

“உச்சிக்காலப் பூசை நேரம். அபிசேகத் தண்ணி கண்ணுல வழியும், இங்கிட்டுப் பாக்க நேரமிருக்காது.”

கந்தம்மாள் சீட்டில் கை வைத்தாள். சூடாக இருந்தது, இருந்தாலும் சீட்டுத்தானே. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“நான் ஏறி உக்காந்து, ஊட்டுக்குப் போனதும் உங்க காலு மறுபடி படுத்துக்கிச்சுன்னா?”

“எலும்பு கூடிருச்சுன்னு படம் எடுத்துச் சொல்லிட்டாங்கல்ல.”

“எலும்பு கூடுறதுக்கு முன்னாடியே நான் அவருகிட்டப் பேசி முடிச்சிட்டேன்.”

நாச்சிமுத்து அதற்கப்புறம் ஏறு என்று சொல்லவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, வெறுங்காலை இரண்டு பக்கமும் தரையில் ஊன்றித் தள்ளித் தள்ளி அவள் பக்கத்திலேயே வந்தார். தார் சுட்டபோதெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டார். வாத்து நீந்துவது போல இருந்தது. கந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சத்திரப்பட்டியைத் தாண்டினாள். ஆயக்குடியில் கூட்டம் கொய்யாப்பழம் தின்றுகொண்டு காத்திருந்தது.

மறுநாள் காலை அடிவாரம். குழந்தைவேல் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. நாச்சிமுத்து மொபெட்டை ஓரமாக நிறுத்திப் பூட்டினார்.

“நீங்க ஏறுங்க மச்சான். நான் வின்ச்சு ரயிலுல வந்துர்றேன்.”

கந்தம்மாள் நின்றுவிட்டாள்.

“வின்ச்சுலயா?”

“காலு…”

“இந்தாளு நடக்குறாருன்னு அவருகிட்ட நான் எதைக் காட்டுவேன்? அய்யம்பாளையத்துலேர்ந்து நான் நடந்துட்டேன். நீங்க நடந்ததைத்தான் அவரு இன்னும் பாக்கல.”

“யானைப் பாதையிலயாவது வரட்டும் பாப்பா, படி உசரம்” என்றார் குழந்தைவேல்.

“சரி, யானைப் பாதையில வாங்க. யானையே நடந்துதானே போகுது.”

நடந்தார்கள். நாச்சிமுத்து ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், டாக்டர் சொன்னதைச் சொன்னார், எதிரே இறங்கி வந்தவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். கந்தம்மாள் பின்னாலேயே நின்றாள். அவர் எழுந்தால் நடந்தாள். காலில் மருந்துத் துணி அவிழ்ந்து இழுபட்டது. பாதி மலைக்கு மேல் அவர் உட்காரவில்லை. அவள் விந்துவதைப் பார்த்து, இருவரில் தன் கால்தான் தேவலை என்று தெரிந்துகொண்டார் போல.

மேலே வரிசை நத்தையாக நகர்ந்தது. சன்னிதிக்கு நேரே வந்தபோது கந்தம்மாளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நாச்சிமுத்துவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

“இவருதான்” என்றாள். “நடந்துதான் ஏறுனாரு.”

“நகருங்க, நகருங்க” என்றார் வரிசையைத் தள்ளிவிடுகிற ஊழியர்.

நாச்சிமுத்து, முருகன் பார்க்கட்டும் என்று, நிதானமாக இரண்டு எட்டு வைத்து நகர்ந்தார்.