லிஸ்ட் அக்காவின் நாலு வரி

வேதியியல் துறை அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லோரும் லிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்டுதோறும் சாதனையாளர் விழாவுக்கான பட்டியல் அவர் மேசையில்தான் உருவாகும். பரிசு வாங்கிய மாணவர், கட்டுரை வெளியிட்ட ஆசிரியர், ஓய்வு பெறும் ஊழியர் என ஆளுக்கொரு சான்றிதழ். பெயருக்குக் கீழே நாலு வரி பாராட்டு. மேடையில் துறைத்தலைவர் அதை வாசித்துக் கையில் கொடுப்பார்.

அந்த நாலு வரியைப் பேராசிரியர்கள் எழுதித்தர வேண்டும் என்பது விதி. ஒருவரும் எழுதித்தர மாட்டார்கள் என்பது நடைமுறை. "நீங்களே பாத்து ஏதாவது போட்டுடுங்கக்கா" என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அக்காதான் போட்டார். ஏனோதானோவென்று போட்டதில்லை. ஆய்வகத்தில் எடை பார்க்கும்போது தராசுத் தட்டு அசையக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவியை ஜன்னல் வழியே பார்த்து வைத்திருப்பார். அது வரியாக வரும். மேடையில் அந்தப் பெண் திகைத்துத் துறைத்தலைவரைப் பார்ப்பாள், இவருக்கு எப்படித் தெரியும் என்று.

இந்த வருடம் அக்காவே ஓய்வு பெறுகிறார். துறைத்தலைவர் கதவில் தலையை நீட்டினார்.

"அக்கா, இந்தத் தடவை உங்க பேரும் லிஸ்ட்ல உண்டு. மறந்து விட்டுடாதீங்க."

"பேருக்குக் கீழ என்ன சார் போடறது?"

"அட, உங்களப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? நீங்களே போட்டுடுங்க."

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும். ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்வான். "சாப்பிட்டியாக்கா, உடம்பு பரவாயில்லையா, சரி வச்சிடறேன்." மற்ற நாளில் அதுவும் இல்லை. மாலையில் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். 'நேரம் தவறாதவர், பணியில் பிசகாதவர்' என்று எழுதிப் படித்தால் சுவர்க் கடிகாரத்தைப் பாராட்டுவது போலிருந்தது. அடித்துவிட்டார். ஊர்ப்பட்ட பேரைப் பற்றி எழுதியவருக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் ஓடவில்லை. ஜன்னல் வழியே அவரை யார் பார்த்தார்கள்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நாலு வரிக்கான இடத்தைக் காலியாகவே விட்டு அச்சடித்தார். கையெழுத்துப் போடும்போது துறைத்தலைவர் பார்ப்பார். பார்த்தால் பேனா கையில்தானே இருக்கும்? ஒரு வரி எழுதினால் போதும். கோணல்மாணலாக இருந்தாலும் போதும்.

இருபத்துமூன்று தாள்கள். தன்னுடையதை மேலாக வைத்துக் கொண்டுபோனார். துறைத்தலைவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி கையெழுத்துப் போட்டார், புரட்டினார், போட்டார். முதல் தாளில் இடம் தாராளமாகக் கிடந்ததால் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது, அவ்வளவுதான்.

"எல்லாம் சரிதானேக்கா?"

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

விழாவன்று பாராட்டுப் பெறுபவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் முன்வரிசைகளில் இரண்டு நாற்காலி. அக்காவே கொண்டுவந்த ஏற்பாடு. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. தனக்குரிய இரண்டில் ஒன்றில் கைப்பையையும் மற்றொன்றில் மீந்த அழைப்பிதழ்க் கட்டையும் வைத்தார்.

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். துறைத்தலைவர் உறையைத் திறந்தார். ஒரு நொடி நின்றார். மேடையில் ஊறிய மனிதர். முகத்தில் எதையும் காட்டாமல் நிமிர்ந்து, வாசிப்பது போலவே சொன்னார்:

"காலையில் இத்துறையின் முதல் விளக்கைப் போட்டவர். எது உடைந்தாலும், உடைத்தவரை ஒருநாளும் காட்டிக்கொடுக்காதவர்..."

கூடம் கைதட்டியது. அக்காவுக்குக் காது சுட்டது. அவருடைய பஸ்ஸே ஒன்பது இருபதுக்குத்தான் வரும். அவர் எந்த விளக்கையும் முதலில் போட்டதில்லை. அது அவரே எழுதிய வரி. மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற ஆய்வக ஸ்டோர்காரருக்காக எழுதியது, துறைத்தலைவர் அன்று இதே மேடையில் வாசித்தது. மாணவர்கள் உடைத்த குடுவைகளையெல்லாம் தன் கை தவறி உடைந்ததாகச் சொல்லித் திட்டு வாங்கிய மனிதர்.

அந்த ஸ்டோர்காரர் பழைய ஆட்களுக்கான வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுக்கும் இடத்தில் அக்காவை மறித்தார்.

"ஏம்மா, அது எனக்குச் சொன்னதாச்சே. கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்கேன். பேத்தி ஒப்பிப்பா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சார் நம்மள இவ்வளவு கவனிச்சிருக்காரேன்னு நெனச்சேன். எல்லாருக்கும் ஒரே பாட்டுதானா?"

அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"ஐயோ, இல்லண்ணே. பழைய ஃபைல்லேருந்து உங்க தாளோட காப்பிய எடுத்து மாதிரிக்கு வச்சிருந்தேன். அது என் உறைக்குள்ள போயிடுச்சு. சார் இருந்ததைப் படிச்சுட்டாரு. தப்பு என்னோடது."

"நீங்களா? தப்பா?" இப்போது சிரிப்பு நிஜமாகவே வந்தது. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தப்பு, அதுவும் உங்க விழாவுலயா? நல்ல ஆளும்மா நீங்க. அப்ப அது எனக்குன்னே எழுதுனதுதான்?"

"உங்களுக்குன்னே எழுதுனது."

அவர் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"சரி, உங்களுக்கு என்ன எழுதியிருந்தாரு? காட்டுங்க."

அக்கா உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அது மேசையில கெடக்குண்ணே. நல்லாத்தான் எழுதியிருந்தாரு."

மறுநாள் காலை விழாப் பதிவேட்டைத் திறந்தார். சான்றிதழ்கள் இருபத்துமூன்று என்று எழுதினார். ஸ்டோர்காரர் என்றைக்காவது துறைத்தலைவரைப் பார்த்துக் கேட்டுவிட்டால்? பொய்க்கு ஒரு சான்று வேண்டுமே. குறிப்பு என்ற கட்டத்தில், எல்லோருக்கும் எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில் எழுதினார்: 'கடைசியாக வாசித்த தாள் மாறிவிட்டது. கவனக்குறைவு அலுவலக உதவியாளருடையது.'

மை காயும்வரை பதிவேட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.