அளவோ, மூலையோ?

சனிக்கிழமை காலை தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம் தொலைபேசி அடித்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் சிவநேசன். "சேர், லோஜினி மோசம் போயிட்டா. நேற்றுப் பின்னேரம் நெஞ்சுக்குள்ள நோகுது எண்டிருக்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதல் உயிர் போயிட்டுது." எனக்குத் தெரிந்த லோஜினி ஒருவர்தான். இருந்தும் "எந்த லோஜினி?" என்று கேட்டேன். நாற்பத்திரண்டு வயது. மல்வேர்னிலிருந்து காலைப் பஸ்ஸில் அவரோடு வேலைக்குப் போன நீங்களும் அன்று இதையே கேட்டிருப்பீர்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவின் ஸ்காபரோவில் பழரசத்தைப் போத்தலில் அடைக்கும் எங்கள் தொழிற்சாலையில் ரூல் ரூம் என்ற கருவி அறை லோஜினியின் பொறுப்பில் இருந்தது. ஒரு யன்னல், யன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், அவருக்குப் பின்னால் இழுப்பறை இழுப்பறையாகக் கருவிகள். நட்டின் தலையில் கவிழ்த்துத் திருப்பும் சொக்கற்றுகள் மட்டும் சில நூறு இருக்கும். என்ன வேலை என்று கேட்பார், எடுத்துத் தருவார். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு இங்கே வந்து மெக்கானிக்குக்கு உதவியாளாகச் சேர்ந்தவன். அதனால் என்னைச் சேர் என்றே கூப்பிடுவார். அந்தச் சேரில் மரியாதை பாதி, பகிடி பாதி.

சேர்ந்த முதல் வாரமே அவரோடு வாக்குவாதப்பட்டேன். அரை இஞ்சி நட்டு ஒன்றைக் கழற்ற வேண்டும். நான் பதின்மூன்று மில்லிமீற்றர் சொக்கற்றைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். அரை இஞ்சி என்றால் பன்னிரண்டு தசம் ஏழு மில்லிமீற்றர், தசம் மூன்று வித்தியாசத்தில் என்ன குடிமுழுகிப் போகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அரை இஞ்சியை எடுத்து வைத்தார். "உங்கட கணக்குச் சரி, சேர். உந்த நட்டு கணக்குப் படிக்கேல்லை."

அவருக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சுருக்கமான பேச்சு இருந்தது. பளபளக்கும் சொக்கற்றைக் காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும், துப்பாக்கி போன்ற இயந்திரத் துவக்கில் மாட்டினால் வெடித்துவிடும், அதற்குக் கறுப்பு நிறத் தடித்த சொக்கற் வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு, "மினுங்கிறது கைக்கு, கறுத்தது துவக்குக்கு" என்று சொல்லிக் கொடுப்பார். கேட்டவர் மறக்கமாட்டார்.

இனி என் தலைகுனிவைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத் தவணையில் என்னை எடுத்திருந்தார்கள். அது முடிந்து நிரந்தர வேலை என்று கடிதம் தந்தால்தான் கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருந்த மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட விண்ணப்பப் பத்திரம் போடலாம். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஜப்பான் இயந்திரம் ஒன்றின் மூடியைக் கழற்றச் சொல்லி அனுப்பினார்கள். யன்னலில் போய், "பன்னிரண்டு தாங்கோ" என்றேன்.

"அளவோ, மூலையோ?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. சொக்கற்றின் உட்பக்கத்தில் ஆறு மூலை உள்ளது ஒரு வகை, பன்னிரண்டு மூலை உள்ளது இன்னொரு வகை. துருப்பிடித்த போல்ட்டுக்கு ஆறு மூலைதான் இறுகப் பிடிக்கும், பன்னிரண்டு வழுக்கும். இது பின்னால் படித்தது. அன்று என் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். "பன்னிரண்டு எண்டா பன்னிரண்டுதான்" என்று வாத்தியார் குரலில் சொன்னேன். அவர் பன்னிரண்டு மில்லிமீற்றரில் பன்னிரண்டு மூலை உள்ளதைத் தந்தார்.

முதல் போல்ட்டே வழுக்கியது. விட்டேனா, இன்னும் பலத்தைப் போட்டேன். தலை உருண்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. போத்தல் வரிசை நின்றது. போர்மன் வந்து சொக்கற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இதை யார் தெரிவு செய்தது என்று கேட்டார். எனக்குக் கொழும்பு லொட்ஜின் படிக்கட்டு கண்ணில் தெரிந்தது. குனிந்து கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தேன்.

லோஜினி யன்னலைப் பூட்டிவிட்டு வந்தார். அளவுக்கும் மூலைக்கும் எங்கள் பேச்சில் பன்னிரண்டு என்று ஒரே சொல், பிழை இரண்டு பேரிலும் உண்டு என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். போர்மன் தலையாட்டிவிட்டு அவருடைய பெயரைக் கொப்பியில் எழுதப் போனார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "இவ என்னட்டை வடிவாக் கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. சொல்ல வெட்கப்பட்டன்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

போர்மன் எழுதாமலே கொப்பியை மூடினார். லோஜினி போய், ஓர் அளவு சின்னதான பதினொரு மில்லிமீற்றரில் ஆறு மூலை ஒன்றை எடுத்துவந்து, உருண்ட தலையின் மேல் சுத்தியலால் தட்டி இறக்கித் தந்தார். திருப்பினேன். போல்ட் அசைந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது பக்கத்தில் வந்து, "தெரியாதெண்டு சொன்னா ஆரின்ர தலையும் போகாது, சேர். சொல்லாட்டில் போல்ட்டின்ர தலை போகும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அடுத்த கிழமை எல்லாச் சொக்கற்றிலும் நகப்பூச்சு பூசியிருந்தார், ஆறு மூலைக்குச் சிவப்பு, பன்னிரண்டுக்கு ரோஸ். தமிழே தெரியாதவர்களும் இன்றைக்கு யன்னலில் நின்று, "சிவப்பு" என்று கேட்கிறார்கள். ஒன்பதாம் நாள் எனக்குக் கடிதம் கிடைத்தது.

மனைவியும் மகளும் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில், "எந்தப் பக்கத்தால வெளியால போறது?" என்று மனைவி கேட்டாள். "தெரியாது. ஆரையும் கேப்பம்" என்றேன். அவள் தள்ளுவண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் கட்டிப் பதினாலு வருசம். உந்தச் சொல்லை உங்கட வாயால இண்டைக்குத்தான் கேக்கிறன்."

அதை நான் சொன்னபோது லோஜினி ரூல் ரூம் கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது. அவர் பழக்கிய சொல்லும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் லோஜினியின் கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சேர், நீங்கள் படிச்ச ஆள். அவ இல்லாமல் நான் இனி என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாது, தம்பி" என்றேன். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் இருந்தேன்.