ஏழாவது சுற்று

சிப்காட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தேன். போல்ட் அளவு பார்க்கும் கேஜுக்குள் போனால் ஓகே, போகாவிட்டால் ரிஜெக்ட். அதற்குப் படிப்பு வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும். நான் ஓகே சொன்ன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும்.

என் மகளுக்கு வேலை கர்னலில். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல் அது. வைஃபை சில்லை வேலை வாங்குவதற்கென்று அதில் ஒரு பகுதி உண்டு, டிரைவர் என்பார்கள். அதில் வரும் கோளாறுகளைத் தேடித் திருத்துவாள். ஜூஜுவாடியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தே எல்லாம் நடக்கும்.

இந்த வருஷம் ஒரு கோளாறு வந்தது. லேப்டாப்பைத் தொடாமல் வைத்திருந்தால் அரை மணிக்குள் வைஃபை செத்துப்போகும். பழைய கர்னலில் அப்படி இல்லை, புதியதில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே யார் யாரோ செய்த மாற்றங்கள் ஆயிரக்கணக்கில். கெடுத்தது எது?

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சரியாக நடுவில் இருக்கும் கர்னலை ஓட்டிப் பார்ப்பது. நன்றாக இருந்தால் கோளாறு பின்பாதியில், கெட்டிருந்தால் முன்பாதியில். அப்புறம் அந்தப் பாதியில் பாதி. இப்படிப் பதினாலு சுற்று.

"அம்மா, இது உன் கம்பெனி வேலை மாதிரிதான். வைஃபை இருக்குற வரைக்கும் கறுப்புத் திரையில நிமிஷத்துக்கு ஒரு வரி வந்துட்டே இருக்கும். அரை மணி வந்தா ஓகே. நின்னுட்டா ரிஜெக்ட். பாக்குறியா? எனக்கு மீட்டிங் மேல மீட்டிங்."

பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓகேவுக்கு வட்டம், ரிஜெக்டுக்குப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன்.

பதினாலாவது சுற்றில் ஒரு மாற்றம் அகப்பட்டது. செய்தவர் யாரோ வெளிநாட்டுக்காரர். உங்களால்தான் கெட்டது என்று, எல்லாரும் படிக்கிற பொது அஞ்சலில் மகள் எழுதிவிட்டாள். மறுநாள் பதில் வந்தது. அந்த மாற்றம் வேறொரு சில்லுக்கானது, உங்கள் லேப்டாப்பில் அது ஓடவே ஓடாது, தயவுசெய்து திரும்பப் பாருங்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் இவளுக்குச் சுட்டது.

நான் காப்பியோடு மாடி ஏறினேன். கூட வேலை செய்கிறவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாதான் உக்காந்து பாத்தாங்க. படிக்காதவங்க, எங்கயோ மாத்திச் சொல்லிட்டாங்க போல."

டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டேன்.

"போனை வை."

வைத்தாள். "சும்னிரும்மா," என்றாள். எரிச்சல் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"நான் என்னாத்துக்குச் சும்மா இருக்கணும்? ரிஜெக்ட்ட ஓகேன்னு சொன்னேன்னு எவன்கிட்டயும் பேச்சு வாங்குனதில்ல. நான் பெத்தவகிட்ட வாங்கணுமா?"

காலண்டர் தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். பதின்மூன்று குறிகள்தான் இருந்தன. ஏழாவது இடம் காலி. அன்றைக்கு நான் காவேரிப்பட்டினத்துக்குப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன்.

"ஏழாவத யாருடி பாத்தது?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டுலேர்ந்து எண்ணு. ஒண்ணுகூட ஓகே இல்ல, எல்லாம் பெருக்கல்தான். அப்போ கோளாறு அதுக்கும் முன்னாடியே இருக்கு. ஏழாவத யாரு பாத்தது?"

"நான்தான்."

"எத்தினி நேரம்?"

"பத்து நிமிஷம். நல்லாத்தான் ஓடுச்சும்மா. மீட்டிங் வந்துருச்சு, ஓகேன்னு போட்டுட்டேன்."

"படிச்சவ பாத்தது பத்து நிமிஷம்!"

ஏழாவது கர்னலை மறுபடி ஏற்றச் சொல்லி நானே உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வரி வந்தது. இருபத்து மூன்றாவது வரவில்லை. அவள் ஓகே போட்டது ரிஜெக்ட்.

அங்கிருந்து தேடல் முன்பாதிக்குத் திரும்பியது. இன்னும் ஏழு சுற்று, நாலு நாள். எல்லாவற்றையும் நானே பார்த்தேன், அவளோடு பேசாமல். கடைசியில் உண்மையான கோளாறு கிடைத்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க டிரைவர் சில்லைத் தூங்கவைக்கிறது. எழுப்பும்போது அது எழுந்துவிட்டதா என்று காத்திருக்கும் நேரத்தை யாரோ குறைத்துவிட்டிருந்தார்கள். இரண்டே வரியில் சரிசெய்தாள்.

வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி எனக்குத் தமிழில் சொன்னாள். தவறு என்னுடையது, ஒரு சுற்றை அவசரமாகப் பார்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

திருத்தத்தை அனுப்பும்போது, சோதித்துப் பார்த்தவர் பெயரை அடியில் போடுவது அவர்கள் வழக்கம்.

"உன் பேர் போட்டிருக்கேன், பாரும்மா. இனிமே அழியாது."

"ஊரு பேரு தெரியாதவர்கிட்ட மன்னிப்புக் கேட்ட. போன்ல பேசுனியே, அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"அதை விடும்மா. அவரு மறந்திருப்பாரு."

"நான் மறக்கல. பேரை எடு."

"அம்மா, இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?"

"பேரக் குடுத்துச் சரிக்கட்டாத. எங்கம்மா மாத்திச் சொல்லல, நான்தான் மாத்திச் சொன்னேன்னு அவருக்கு ஒரு போன் போடு. அப்புறம் என் பேரப் போடு."

போனை அவள் தொடவே இல்லை. என் பேர் இருந்த வரியை அழித்துவிட்டுத் திருத்தத்தை அனுப்பினாள்.

போன வாரம் வேறொரு கோளாறு வந்திருக்கிறதாம். உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போன் போட்டியா?" என்றேன்.

திரும்பி மாடி ஏறிப் போய்விட்டாள்.