நெற்றியைக் குறுக்கிய பவுடர்

என் மூத்த மகளுக்கு அகன்ற நெற்றி. முன்பு வந்த சம்பந்தம் ஒன்று அதனாலேயே நின்றுபோனது. அதனால் கற்பிட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நெற்றியோரம் முழுக்க மண்ணிறக் காண்டூர் பவுடர் பூசவைத்தேன். நெற்றி உண்மையாகவே சிறிதாகத் தெரிந்தது. தொழுகை நேரத்தில் முகம் கழுவினால் அழிந்துவிடுமே என்று, முதலிலேயே முகம் கைகால் கழுவி ஒளுச் செய்யவைத்துப் பிறகுதான் பூசினோம்.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னதும் மாப்பிள்ளையின் உம்மா என் மகளையும் பக்கத்தில் நிறுத்தித் தொழுதார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பின் பார்த்தால், மகள் நெற்றி வைத்து ஸுஜூது செய்த வெள்ளை முசல்லா விரிப்பில் மண்ணிறக் கறை! இந்தச் சம்பந்தமும் போயிற்று என்றே நினைத்தேன்.

“என்ன மகள், நெத்திய முசல்லாவிலயே விட்டுட்டு எழும்பிட்டீங்களா?” என்று சிரித்த அவர், தன் முக்காட்டைப் பின்னால் தள்ளினார். அவருக்கும் அதே நெற்றி. “எண்ட மகனுக்கும் இதுதான். பேரப்புள்ளயளுக்குத் தொப்பிதான் தேடித் திரியணும்!”

அல்ஹம்துலில்லாஹ், கலியாணம் நடந்தது. அல்லாஹ்வுக்கு முன் வைக்கிற நெற்றியை ஆட்களுக்கு முன் மறைக்கச் சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. இளையவளைப் பார்க்க வருகிறவர்களை அஸருக்குப் பிறகே வரச் சொல்கிறேன். ஒளுச் செய்த ஈரம் காயாத முகத்தோடுதான் அவளைக் கூட்டிவருகிறேன்.