கலா விசிலடித்த காலை

கொல்லிமலையின் ஜனவரிக் காலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கால் விரல்கள்தான். ரெண்டு சாக்ஸ் போட்டாலும் விறைத்துப்போய், யாருடைய விரல்களோ மாதிரி கிடக்கும். அப்புறம் அந்த ஈரச் சேற்றின் வாடை...

நாகப்பட்டினத்துக்காரியான எனக்கு முதல் போஸ்டிங் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில். கலாவும் அங்கே டீச்சர். சேந்தமங்கலத்துப் பெண். பறவை பார்க்கும் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவள் அவள்தான். ஞாயிறு வந்தால் ஏரி, வயல், சதுப்பு என்று இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பேசக் கூடாது. முன்னால் போகிறவள் விசில் கொடுத்தால் பறவை இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் வருகிறவள் அப்படியே நின்றுவிட வேண்டும். நான் ஒருமுறை தும்மி, ஒரு கொக்குக் கூட்டத்தையே கிளப்பிவிட்ட பிறகு அவள் போட்ட சட்டம் அது.

அந்த ஞாயிறு ஏரியின் மேல்கோடிக்கு உட் ஸ்னைப் தேடிப் போனோம். குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருகிற உள்ளான். லேசில் கண்ணில் படாது. கலா முன்னால், நான் இருபதடி பின்னால். பனிமூட்டம் இறங்கியது. அவளுடைய ஸ்வெட்டர் மங்கி மங்கி... காணோம்.

விசில் வந்தது. நின்றேன்.

மறுபடி விசில். பார்த்துவிட்டாள் பாவி, எனக்கு மிச்சம் வைப்பாளா என்று பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றாவது, நான்காவது... அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் விசிலில் ஓசை வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. உதடு நடுங்கினால் அப்படித்தான் வரும் என்று தோன்றியது. சட்டமாவது ஒன்றாவது என்று நடந்தேன்.

கலா இடுப்பு வரை சேற்றுக்குள் இருந்தாள்.

"கிட்ட வராத புள்ள. வந்த வழியே போயி யாரையாச்சும் கூட்டிட்டு வா."

ஓடினேன். திரும்பி வரும்போது இந்தப் பனியில் அவளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு பயம். கண்டுபிடிக்கும்போது தலையாவது வெளியே தெரியுமா என்று இன்னொரு பயம். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததே இல்லை, பிரசவ அறையில்கூட.

மேட்டுத் தோட்டத்தில் ஒருவர் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். நான் அழுகையோடு உளறியது பாதிகூடப் புரிந்திருக்காது. உளையா என்று மட்டும் கேட்டார். புதைசேற்றுக்கு அங்கே அதுதான் பெயர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அங்கே மிளகு ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான், கணுவில் கால் வைத்து ஏறுவார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதிலுக்கு மெலிசாக ஒரு விசில்... அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். சேறு இப்போது அவள் மார்புக்கு வந்திருந்தது.

அவர் மூங்கிலைச் சேற்றின்மேல் நீளமாகப் போட்டார்.

"நிக்காதீங்க டீச்சர். இதும்மேல குப்புறப் படுத்து இறுக்கிக் கட்டிக்கங்க. கால ஒதறாதீங்க சாமி, நான் இழுக்கறனுங்க."

நானும் சேர்ந்து இழுத்தேன். அங்குலம் அங்குலமாக வந்தாள். ஒரு ஷூ உள்ளேயே போய்விட்டது. அவர் வீட்டு அடுப்பின் முன்னால் உட்காரவைத்த பிறகும் வெகுநேரம் எங்கள் இருவருக்கும் பல் தந்தியடித்துக்கொண்டே இருந்தது.

இத்தனை வருடமாக இதை நான் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். பறவை பறந்துவிடுமே என்று, உயிர் போகிற நேரத்திலும் கத்தாமல் விசிலடித்தவள் என்று. கலாவும் கூடவே சிரிப்பாள்.

இப்போது நான் சொந்த ஊர்ப் பக்கம். உப்பளத்துப் பூநாரைகளைக் காருக்குள் உட்கார்ந்தே பார்க்கிறேன். பறவையின் பெயரைப் போன் சொல்லிவிடுகிறது. சுகம்தான், ஆனால் பக்கத்து சீட் காலி.

போன வாரம் கலாவிடம் போனில் கேட்டேன், அன்றைக்கு அந்த ஸ்னைப்பைப் பார்த்தாயா இல்லையா என்று.

"பறவையெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள. நானே ஏறிரலாம்னு பாத்தேன். கத்துனா நீ ஓடியாந்து எறங்கிருவ. விசிலடிச்சா நிப்பீல்ல."

அன்றைக்கு நான் பட்ட பயம் பாதிதான். மீதி இப்போதுதான் வந்தது.