சாமி விழுங்காத மாத்திரை

கக்கூஸ் கழுவுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு வராது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வரும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்த்த வருஷங்களில் கையுறை போட்டுக்கொண்டு எதையும் கழுவிவிடுவேன். அது வேலை. வீட்டுக்கு வந்தபின் சோற்றில் ஒரு முடி கிடந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைத்தான் பார்ப்பேன்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். கடைசி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் திருநெல்வேலிப் பக்கம், மற்றவன் சிவகங்கைப் பக்கம். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். பகல் ஷிப்ட் முடித்து வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். அங்கேதான் எனக்குக் கேடு பிடித்தது.

நெல்லைக்காரன் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் விற்கும் பொது அறிவுப் புத்தகங்கள் அவன் தலையணைக்கடியில் நிறைய இருக்கும். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பான். சொல்வதற்கு அவன் கண்டுபிடித்த நேரம், கையில் கவளம் எடுக்கிற நேரம். தேனீ பூவில் குடித்ததை வயிற்றிலிருந்து திருப்பிக் கக்குவதுதான் தேன் என்றான். ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்களாம், வெளிநாட்டில் அதை மிட்டாயிலும் சேர்ப்பார்களாம். பழைய ரோமாபுரியில் வண்ணான்கள் மூத்திரத்தைச் சேர்த்துவைத்து அதில் துணி வெளுப்பார்களாம். திமிங்கிலத்தின் குடலில் உருவாகிற ஒரு கட்டியை ராஜாக்கள் வாசனைக்காகப் பூசிக்கொண்டார்களாம். கருப்பு வெள்ளைப் படத்தில் ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் குழம்பை ஊற்றிய கதை ஒன்றுதான் அவன் சொன்னதில் எனக்குக் குமட்டாதது.

எல்லாம் உண்மைதானா என்று ஒருநாள் என் மனைவி கேட்டாள். புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினான். அவன் பொய் சொல்கிறவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது.

சிவகங்கைக்காரன் அதிகம் பேசாதவன். ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லாமல் அவனுக்கு இறங்காது. ஆனால் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டான். அதன்பிறகு எல்லோருக்கும் அவன் சாமி. வாடகைக்கு இருப்பவன் என்ற நினைப்பே இல்லாமல் என் மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட்டாள். புதுப் பாத்திரம் வாங்கித் தானே பொங்கிச் சாப்பிட்டான். செருப்பு கிடையாது. கம்பெனிக்குள் பாதுகாப்பு ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். அதனால் அந்தப் பக்கத்தில் மாலை போட்டவர்கள் எல்லாம் செய்கிற மாதிரி அவனும் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போய், கேட்டில் மாட்டிக்கொள்வான். திரும்பும்போது கேட்டிலேயே கழற்றிவிடுவான்.

பழைய இரும்பு ஏற்றிப்போகிற லாரிகளிலிருந்து ஒரகடம் ரோட்டில் இரும்புச் சீவல் சிந்திக்கிடக்கும். கடைசல் இயந்திரம் சீவித் தள்ளிய சுருள், பிளேடு மாதிரி இருக்கும். மழை பெய்த ஒரு காலையில் அதில் ஒன்று அவன் வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றி, ஈர சாக்ஸை மாட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு ஷிப்ட் முழுக்க நின்றிருக்கிறான். சூப்பர்வைசரிடம் சொன்னால் வெறுங்காலோடு வரக்கூடாது என்பார் என்ற பயம்.

காயம் வீங்கியதும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் போனான். அவர் கேப்சூல் எழுதிக்கொடுத்தார், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. முதலில் செருப்பைப் போடு, இல்லாவிட்டால் என்னிடம் வராதே என்று திட்டியும் அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் கேப்சூலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கேட்டபோது, நெல்லைக்காரன் எங்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேப்சூலைப் பார்த்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதன் மேல்கூடு எதில் செய்வது தெரியுமா என்று ஆரம்பித்தான். மாட்டின் எலும்பையும் தோலையும் நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, வருகிற பசையைக் காயவைத்துச் செய்வது என்று ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னான். நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். சாமி கேப்சூலையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான்.

அதற்குப் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் மாத்திரை சாப்பிடுவதாகத்தான் சொன்னான். ஆனால் அறைப் பக்கம் போனால் ஒரு நாற்றம். எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்து நான் தேடினேன். எலி இல்லை. அவன் கட்டைப் பிரித்துக் கழுவும்போது ஒருநாள் பார்த்துவிட்டேன். சுண்டுவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அதிலிருந்து வடிந்தது என்ன என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

அந்த வாரம் குளியலறைத் தண்ணீர் போகாமல் நின்றது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு சல்லடை மூடியைத் தூக்கினேன். அடியில் சிவப்பும் கறுப்புமாக ஏதோ ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மூக்குச்சளி மாதிரி கம்பியில் தொங்கியது. விரலில் பட்டதும் இழுபட்டு நீண்டது. முடியும் சோப்பு அழுக்கும் அதில் சிக்கியிருந்தன. இத்தனை வருஷம் கம்பெனியில் கழுவாத எதையும் நான் அங்கே பார்க்கவில்லை. ஆனாலும் அது என்ன என்று புரிந்த நொடியில் கையைச் சுவரில் தேய்த்தேன். எலும்பைக் காய்ச்சிய பசை என்று நெல்லைக்காரன் சொன்னது அப்போது என் விரலிலேயே இருந்தது.

என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நேரே அறைக்குப் போனாள். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள்.

"இன்னா சாமி, மாத்திரைய முழுங்காம தண்ணில வுட்டுக்கினு கீறீங்களா?"

"அது மாட்டெலும்புக்கா. மாலையோட எப்புடி முழுங்கச் சொல்றீக?"

அவள் ஒரு கேப்சூலை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இருந்த தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னாள். அழுகின முட்டை நாற்றம் அடித்தது. எலும்பில் ஒட்டியிருந்த தூள்தானே என்று அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். ஊசியாவது போட்டுக்கொள், வா என்றால், செருப்புப் போடாமல் வராதே என்றவரிடம் எந்த முகத்தோடு போவது என்றான். வேறு டாக்டர் என்றால், அவரும் அதைத்தான் சொல்வார் என்றான். காய்ச்சலில் அவன் உடம்பு கொதித்தது. அவன் பிழைப்பே நின்றுகொண்டு செய்கிற வேலை. அந்தக் கால் போய்விட்டால் ஊருக்குத் திரும்பி என்ன செய்வான் என்று நான் யோசித்தேன். வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை.

என் மனைவி நெல்லைக்காரன் பக்கம் திரும்பினாள்.

"உன் வாயில கொள்ளிய வெக்க. சோறு துன்ற எடத்துல உன்ன யார்ரா இதெல்லாம் கேட்டது?"

"உள்ளதத்தானக்கா சொன்னேன்," என்றான்.

சுவரிலிருந்த சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டோ இருந்தது. சிவகங்கைக்காரனின் செத்துப்போன அப்பா, கோடாலி முடிச்சும் மீசையுமாக. காலையில் சாமி படத்துக்குச் சந்தனம் வைத்தால் அவருக்கும் வைப்பான். நெல்லைக்காரன் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மறுபடி வாயைத் திறந்ததும் எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது.

"அந்த போட்டோ இருக்குல்லா, அதும் மேல பூசியிருக்கதும் இதே எலும்புப் பசதான். அது இல்லன்னா உருவம் காயிதத்துல நிக்காது. சினிமாப் பிலிமும் அப்படித்தான்."

எனக்கு எங்கள் கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்தது. சின்ன வயதில் வாலாஜாபாத் பக்கம் டெண்டுக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்த படமெல்லாம் ஞாபகம் வந்தது. அத்தனையும் எலும்புப் பசை. இவன் இன்னும் எதைத்தான் விட்டுவைப்பான் என்று இருந்தது.

சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒற்றைக்காலில் போய், போட்டோவை எடுத்தான். சட்டத்தின் பின்தகட்டை நீக்கி அதை உருவினான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு மோந்து பார்த்தான். கிழித்துப் போட்டுவிடுவான் என்றுதான் நான் பயந்தேன். ரொம்பநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"அப்பா இதுலதான இருக்காரு," என்றான், யாரையும் பார்க்காமல்.

என் மனைவியிடம் தண்ணீர் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேப்சூலை விழுங்கினான். மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி, போட்டோவைத் திரும்பச் சட்டத்தில் போட்டு, அதன்மேல் சார்த்தினான். பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள் என்றான்.

ஆட்டோவில் ஏற்றி நானும் நெல்லைக்காரனும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் பாதமே போயிருக்கும், இப்போதும் புண்ணைச் சுத்தமாக வைக்காவிட்டால் உறுதி சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

புண் கழுவும்போது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. நெல்லைக்காரன் புண்ணைப் பார்த்ததும் தலைமாட்டுக்கு நகர்ந்துவிட்டான். அதனால் என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்து உள்ளே விட்டுத் துடைத்தபோது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே மழைத்தண்ணீரில் ஒரு பன்றி நின்றிருந்தது. அதைப் பார்ப்பது எவ்வளவோ மேலாக இருந்தது. சாமி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவன் கவனத்தைத் திருப்பலாம் என்று நினைத்தானோ என்னவோ, நெல்லைக்காரன் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தான். முதல் உலகப்போரில் அடிபட்ட சிப்பாய்கள் நாள்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தார்களாம். தூக்கிவந்து பார்த்தால் புண்ணெல்லாம் புழு.

"சும்மா இருடா," என்றேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் வந்தது. நர்ஸும் நிமிர்ந்தார். எனக்குக் காது சுட்டது.

"சொல்லட்டும்ணே," என்றான் சாமி. பிறகு அவனைப் பார்த்து, "அவுகளுக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"பொழச்சிட்டாவ. அந்தப் புழுவே அழுகினதயெல்லாம் தின்னு புண்ணச் சுத்தமாக்கிட்டு. காலு போவல."

சாமி சிரித்தான். அல்லது வலியில் அப்படி வாயைக் கோணினான். நர்ஸ் என்னை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கட்டுப் போட்டு முடித்ததும் வராந்தாவுக்கு ஓடி, தூணைப் பிடித்துக்கொண்டு குடித்த காப்பியையெல்லாம் வாந்தியெடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உள்ளே நெல்லைக்காரன் அட்டைப்பூச்சியைப் பற்றித் தொடங்கியிருந்தான்.